எழுதாத தாளுக்கு எத்தனை புள்ளி? – டீச்சர் பதில்கள்

போன மாதம் பேத்தியைப் பற்றி எழுதும்போது பேச்சுவாக்கில் ‘ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்’ என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அவ்வளவுதான். திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் காற்பந்து பார்க்கிற தமிழர்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் இத்தனை பேரா என்று மலைத்துப்போனேன். 2025 ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், அதாவது பல்கலைக்கழகத்துப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி, முடிந்த கையோடு வந்தவைதான் கடிதக் கட்டில் பாதிக்கு மேல். பிள்ளைக்கு வாய்பாடு நிற்கவில்லை, மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்பாடும் மருமகளும் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

கேள்வி: டீச்சர், நானும் என் பெரியப்பா மகனும் ஈகிள்ஸ் ரசிகர்கள். டிராஃப்ட் முடிந்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ஒரு நிபுணர் எங்கள் அணி எடுத்த ஆட்களுக்கு ஏ கிரேட் போட்டிருக்கிறார், இன்னொருவர் பி. ‘ஜிஹாட் கேம்பல் 31ஆவது இடத்தில் கிடைத்தது கொள்ளை லாபம்’ என்கிறார் அண்ணன். ‘அவ்வளவு நல்ல ஆளை முப்பது தடவை ஏன் விட்டார்கள்?’ என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், பட்டர்வர்த்

பதில்: தம்பி, அந்த இரண்டு நிபுணர்களும் ஒரே தாளைத் திருத்தவே இல்லை. அதை முதலில் பேசுவோம்.

நான் 33 வருஷம் தமிழ்ப்பள்ளியில் கணக்கு எடுத்தவள். இடையில் சில வருஷம் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் தாள் திருத்தப் போயிருக்கிறேன். அங்கே போன உடனே கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஒரே விடைத்தாளின் நகலை எல்லாருக்கும் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். நான் 2 போட்ட இடத்தில் பக்கத்து டீச்சர் 1 போட்டிருப்பார். ‘வழி சரி, விடை தப்பு, எப்படி 2?’ என்பார். மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த ஒரு புள்ளிக்கு மல்லுக்கட்டுவோம். எல்லாரும் ஒரே கணக்குக்கு வந்த பிறகுதான் நிஜத் தாள் கைக்கு வரும்.

டிராஃப்ட் நிபுணர்களுக்கு இந்தக் கூட்டம் கிடையாது. ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: முதல் ஆள் இவர், இருபதாவது இவர், தொண்ணூறாவது இவர் என்று. தன் பட்டியலில் 15ஆக இருக்கிற பையனை ஒரு அணி 31இல் எடுத்தால் ‘ஆகா, லாபம்’ என்று ஏ. பட்டியலில் 70ஆக இருப்பவரை 31இல் எடுத்தால் ‘அவசரப்பட்டுவிட்டார்கள்’ என்று சி. அந்த எழுத்து பையனுக்குப் போட்ட கிரேட் இல்லை தம்பி. அணியின் நினைப்பும் நிபுணரின் நினைப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்குப் போட்டது. என் கையில் இருந்தது தேர்வு வாரியம் கொடுத்த விடைத்திட்டம். அவர்கள் கையில் இருப்பது அவரவர் எழுதிக்கொண்டது.

இப்போது கேம்பலுக்கு வருகிறேன். அலபாமா பல்கலைக்கழகத்து லைன்பேக்கர், தடுப்பாட்டத்தில் நடுவரிசைக்காரர். தோளில் அறுவை சிகிச்சை. அவர் இவ்வளவு கீழே இறங்கியதற்கு அந்தத் தோள்தான் காரணம் என்று எல்லாரும் பேசினார்கள். டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸில் இந்தப் பையன்களைக் கூட்டி வைத்து, அணிகளின் மருத்துவர்கள் மூட்டு மூட்டாக அமுக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கோப்பு அணிகளிடம் இருக்கிறது, நிபுணர்களிடம் இல்லை. ஆக உங்கள் கேள்வி நியாயமானது.

ஆனால் உங்கள் பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது. முப்பது தடவை விட்டார்கள் என்றால் முப்பது தடவையும் தோளைப் பார்த்து பயந்தார்கள் என்று ஆகாது. பல அணிகள் லைன்பேக்கருக்கு முதல் சுற்றைச் செலவழிக்கவே யோசிக்கும். அந்தக் காசுக்கு எதிரணிக் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, துரத்துகிறவரையோ, நம் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றுகிறவரையோ வாங்கலாம் என்ற கணக்கு. அதோடு, அணிகளுக்கு மட்டும் ஞானக்கண்ணா இருக்கிறது? கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்று இரண்டு ஆய்வாளர்கள் பல வருஷத்து டிராஃப்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். தேலர் 2017இல் பொருளாதார நோபல் வாங்கியவர். ஒரே இடத்துக்கு ஆடுகிற இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிடத் தேறுவது எத்தனை தடவை என்று எண்ணினால், பாதிக்குச் சற்றே மேல். பத்து காசைச் சுண்டிவிட்டுத் தலையா பூவா கேட்பதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

உங்கள் அண்ணனிடம் கேட்க நான் ஒரு கேள்வி தருகிறேன். ஈகிள்ஸ் 32இல் நின்றது. கேம்பலுக்காக ஓர் இடம், ஒரே ஓர் இடம் முன்னால் போக, 164ஆவது தேர்வைக் கான்சஸ் சிட்டி அணிக்குத் தூக்கிக் கொடுத்தது. பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்தில் தோற்கடித்த அதே கான்சஸ் சிட்டிக்கு! 1990களில் டல்லாஸ் அணிப் பயிற்றுநர் ஜிம்மி ஜான்சன் காலத்து மதிப்பு அட்டவணை ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி. 31க்கு 600, 32க்கு 590. வித்தியாசம் 10. அந்த ஐந்தாம் சுற்றுத் தேர்வோ இருபதுக்கு மேல் பெறும். பத்து வாங்க இருபது கொடுத்திருக்கிறார்கள். நிபுணரின் ஏ கிரேடில் இந்தக் கழித்தல் எங்கே என்று அண்ணனைக் கேளுங்கள். வேறு யாராவது குறுக்கே பாய்ந்து 31ஐ வாங்கியிருந்தால் ஆள் போயிருப்பாரே என்று அவர் சொன்னால், அதுவும் சரியான பதில்தான். இன்னும் நாலைந்து நாளைக்குச் சண்டை தாங்கும்.

கேள்வி: டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: இல்லையம்மா. ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். 32 அணிகள், 7 சுற்றுகள். போன பருவத்தில் மோசமாக ஆடியவர் முதலில் எடுப்பார், கோப்பை வென்றவர் சுற்றின் கடைசியில் நிற்பார். 2025இல் மொத்தம் 257 பெயர்கள். 2011இல் வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, எந்த எண்ணில் போகிறாரோ அதை வைத்துச் சம்பளமும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

1936இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடி இதை ஆரம்பித்தார்கள். அந்த முதல் டிராஃப்டின் முதல் பெயர் ஜே பெர்வாங்கர். எடுத்தது எங்கள் ஈகிள்ஸ். மனிதர் கடைசிவரை தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிள்ளையார் சுழியே அப்படி!

கேள்வி: என் கணவர் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டு, காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். யாரும் ஓடவில்லை, யாரும் பந்தை உதைக்கவில்லை. ஒருவர் மேடைக்கு வந்து பெயர் படிக்கிறார், ஒரு பையன் தொப்பி போட்டுக்கொண்டு அழுகிறான். இதை மூன்று நாள் பார்த்தார். இது என்ன வியாதி?
– பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வியாதிதான், ஆனால் ஆபத்தில்லை. அங்கே வியாழன் இரவு எட்டு மணி, நமக்கு வெள்ளி காலை எட்டு. சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம் என்பதால் கடிகாரத்தைத் திருப்பக்கூட வேண்டாம். சனிக்கிழமை காலை ஏழுக்கு இரண்டாம், மூன்றாம் சுற்று. மீதி நாலு சுற்றும் சனி நள்ளிரவில் ஆரம்பிக்கும். மூன்றாவது இரவு அவர் தூங்கினாரா, இல்லையா? தூங்கியிருந்தால் ஆரம்பக் கட்டம். ஆறாம் சுற்றுக்கு விழித்திருந்தார் என்றால் என் மகனைப் போல முற்றிவிட்டது. ஒன்றும் செய்வதற்கில்லை. காலையில் ரொட்டி சானாய் வாங்கிவரச் சொல்லுங்கள், எப்படியும் விழித்துத்தானே இருக்கிறார்.

கேள்வி: கிரேட் தப்பாகப் போனால் அந்த நிபுணரை யாராவது கேட்கிறார்களா?
– ஒரு வாசகர், கூலிம்

பதில்: கேட்கிறார்கள். ஆனால் நிபுணர் வேலையை இழந்ததாக நான் பார்த்ததில்லை.

2012இல் சியாட்டில் அணி எடுத்த ஆட்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். அமெரிக்காவில் நிறையப் பேர் படிக்கிற விளையாட்டுத் தளம் ஒன்று எஃப் போட்டது. எஃப் தம்பி, எஃப்! முதல் சுற்றில் புரூஸ் இர்வின், 47இல் பாபி வாக்னர், 75இல் ரஸ்ஸல் வில்சன். ‘குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு குள்ளமா?’ என்றார்கள் வில்சனைப் பார்த்து. இரண்டு பருவம் கழித்து, 2014 பிப்ரவரியில் அந்த எஃப் வாங்கிய ஆட்களை வைத்துக்கொண்டுதான் சியாட்டில் டென்வரை 43-8 என்று அடித்து சூப்பர் பௌல் வாங்கியது.

மெல் கைப்பர் என்று ஒருவர். இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியில் 1984இலிருந்து இதே வேலை. 1994இல் இண்டியானாபொலிஸ் அணி ஐந்தாவது இடத்தில் டிரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. ‘குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு இவரையா?’ என்று கைப்பர் நேரலையிலேயே கிழித்தார். அணி நிர்வாகி பில் டோபினுக்கு வந்ததே கோபம்! இந்த ஆள் யார், எங்களுக்குப் பாடம் எடுக்க, என்று அவரும் நேரலையிலேயே திருப்பிக் கொடுத்தார். முப்பது வருஷமாக அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆல்பர்ட்ஸ் காயத்தால் மூன்றே பருவத்தில் ஓய்வு. டில்ஃபர் தன்னை எடுத்த அணியில் பெரிதாகச் சோபிக்காமல், பின்னாளில் வேறு அணிக்குப் போய் அங்கே ஒரு சூப்பர் பௌல் வாங்கினார். இதில் யாருக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்? நான் பல நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அதே கைப்பர் 2010இல் ஜிம்மி கிளாசன் என்ற குவார்ட்டர்பேக்கின் மேல் பந்தயமே கட்டினார்: எட்டு வருஷத்தில் இவர் சோபிக்கவில்லை என்றால் நான் இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்று. கிளாசனை எடுத்த கரோலினா அடுத்த வருஷமே முதல் தேர்வில் கேம் நியூட்டனைக் கொண்டுவந்தது. கைப்பர் போன மாதமும் அதே தலைவாரலோடு தொலைக்காட்சியில் இருந்தார்.

பின்னாளில் பெரிய நட்சத்திரமான டாம் பிராடி 199ஆவதாகப் போன கதையைப் பத்துப் பேர் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். என் பேத்திக்கும் தெரியும்.

கேள்வி: குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸுக்கு நடந்தது அநியாயம் இல்லையா? முதல் சுற்று என்று சொன்னவரை ஐந்தாம் சுற்றுக்குத் தள்ளிவிட்டார்களே?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: நியாயம் அநியாயம் அவர் ஆடும்போது தெரியும். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கிளீவ்லாண்ட் அணி 94இல் டில்லன் கேப்ரியல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. பலருடைய பட்டியலில் கேப்ரியலுக்கு மேலே சாண்டர்ஸ் இருந்தார், ஆகவே திட்டு. பிறகு அதே கிளீவ்லாண்ட் 144இல் சாண்டர்ஸையும் எடுத்தது, உடனே பாராட்டு. முதல் சுற்று ஆள் 144இல் கிடைத்தால் நான் மேலே சொன்ன கணக்குப்படி மலையளவு லாபம். ஆனால் சாண்டர்ஸை எல்லா அணிகளும் பல தடவை தாண்டிப் போயின, கிளீவ்லாண்டும்தான். தான் தப்பாகப் போட்ட பட்டியலை வைத்து, அந்தத் தப்பையே அணிக்கு லாபமாக எழுதுகிறார் நிபுணர். நம் பள்ளியில் இப்படி ஒரு தாளைத் திருத்தினால் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்புவார்.

கேள்வி: டீச்சர், நான் உங்கள் பழைய மாணவன். ஆறாம் ஆண்டில் எனக்கு ஹெட்கவுண்ட் பாரத்தில் ‘சி’ என்று போட்டீர்கள். கணக்கில் நான் எடுத்தது ஏ. நிபுணர்களைத் திட்டும் முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.
– பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளர்

பதில்: அடப்பாவி, இன்னுமா ஞாபகம் வைத்திருக்கிறாய்?

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷ ஆரம்பத்தில் ஒரு தேர்வு வைத்து, அதில் வாங்கிய புள்ளியை டிஓவி என்ற கட்டத்தில் எழுத வேண்டும். வருஷக் கடைசியில் இவன் என்ன வாங்குவான் என்று நாங்களே ஊகித்து இடிஆர் என்ற கட்டத்தில் எழுத வேண்டும். கல்வி இலாகாவிலிருந்து வந்து புரட்டிப் பார்ப்பார்கள். ஊகத்தைக் குறைத்துப் போட்டால் ‘ஏன் டீச்சர் இவ்வளவு தாழ்வு?’ என்பார்கள். கூட்டிப் போட்டு அவன் வாங்காவிட்டால் அதற்கும் ‘ஏன்?’

இவனுக்கு டிஓவி 41. நானும் சி என்று எழுதிவிட்டேன். மார்ச்சில் ஒருநாள் பலகையில் 8 எழுதியிருந்தேன், இவன் நோட்டில் 3 இருந்தது. கூட்டல் மட்டும் சரி. இன்னொன்று, அதிலும் 8 எல்லாம் 3. பக்கத்தில் கூப்பிட்டு, கடைசி மேசையிலிருந்து பலகையில் என்ன தெரிகிறது என்றேன். ‘வெள்ளையாகத் தெரிகிறது டீச்சர்’ என்றான். அந்த 41 புள்ளி கணக்குக்கு இல்லை, கண்ணுக்கு. ஆரம்பத் தேர்வில் கேள்விகளைப் பலகையில் எழுதிப்போட்டவளும் நானேதான். இரண்டு மாதம் எனக்குத் தெரியவில்லை.

இதையே அமெரிக்காவில் பெரிய மண்டபம் எடுத்துச் செய்கிறார்கள். 40 யார்டு ஓடவிட்டு, நின்ற இடத்தில் குதிக்கவிட்டு, கையை விரிக்கச் சொல்லிக் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை அளக்கிறார்கள். 2022இல் கென்னி பிக்கெட் என்ற குவார்ட்டர்பேக்கின் கை எட்டரை அங்குலம் என்று வந்தது. நாடே அந்தக் கையைப் பற்றிப் பேசியது. பிட்ஸ்பர்க் 20ஆவதாக எடுத்தது. அங்கே நிலைக்கவில்லை, 2024 பருவத்தில் ஈகிள்ஸில் மாற்று ஆளாக இருந்து சூப்பர் பௌல் மோதிரத்தோடு போனார். கைதான் காரணமா என்றால், யாரைக் கேட்பது?

உனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது உன் அத்தை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

கேள்வி: நீங்கள் எப்போதாவது டிராஃப்டுக்கு கிரேட் போட்டதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: ஒரே ஒரு தடவை. அதை இன்றுவரை வீட்டில் விடவில்லை.

2019 நவம்பரில் மருமகளின் பிரசவத்துக்கு ஃபிலடெல்ஃபியா போனேன். மார்ச் கடைசியில் திரும்ப டிக்கெட். மார்ச் 18 இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அங்கேயும் கதவடைப்பு. என் விமானம் ரத்து. வெளியே குளிர், உள்ளே குழந்தை, நடுவில் தொலைக்காட்சி. பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டு மகன் எனக்கு விதிகளைக் கற்றுக்கொடுத்தான். நாலு வாய்ப்பில் பத்து யார்டு போக வேண்டும், இல்லையென்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அது வகுத்தல் கணக்காகப் புரிந்துபோயிற்று.

ஏப்ரல் 23 இரவு டிராஃப்ட். தொற்றுக் காலம் என்பதால் லீக்கின் தலைவர் ரோஜர் குடெல் தன் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து பெயர் படிக்கிறார். பயிற்றுநர்கள் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஈகிள்ஸுக்கு 21. மகனுக்கு எல்எஸ்யூ பல்கலைக்கழகத்து ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடித்து ஓடுகிறவர், ஜஸ்டின் ஜெஃபர்சன் வேண்டும். ஒரு மாதமாக அதே பேச்சு. குடெல் படித்த பெயர் ஜேலன் ரேகர். மகன் சோபா மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினான். அடுத்த தேர்வு, 22, மினசோட்டா வைக்கிங்ஸ்: ஜஸ்டின் ஜெஃபர்சன். அந்தக் கத்தலில் குழந்தை எழுந்துவிட்டது. மருமகள் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், ஈகிள்ஸ் நிர்வாகிகள் கேட்டிருந்தால் தேர்வை மாற்றியிருப்பார்கள்.

மறுநாள் இரண்டாம் சுற்று, 53. அங்கே எடுத்தது குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். முந்தின வருஷம்தான் கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு நாலு வருஷம் நீட்டித்து, 12 கோடியே 80 லட்சம் டாலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருக்கும்போது இன்னொன்றா? நிபுணர்கள் முகம் சுளித்தார்கள், மகன் பேசவே இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்த நேரத்தைக் குறிக்கிற நோட்டு என் மடியில் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், திருத்துகிற பழக்கம் விடுமா, எழுதினேன்: ‘ரேகர் – பி. ஹர்ட்ஸ் – டி. ஓடுகிற கடிகாரம் சுவரில் இருக்கும்போது எதற்கு இன்னொரு கடிகாரம்?’ நல்ல வாக்கியம் எழுதிவிட்ட திருப்தியில் மகனிடம் படித்தும் காட்டினேன்.

ஜெஃபர்சன் முதல் பருவத்திலேயே 1400 யார்டு. ரேகரை 2022இல் ஈகிள்ஸே வேறு அணிக்குக் கொடுத்தது. எந்த அணி? ஜெஃபர்சன் ஆடுகிற அதே மினசோட்டா! என் ‘பி’ போயிற்று. வென்ட்ஸ் 2021லேயே கிளம்பிவிட்டார். சுவர்க் கடிகாரம் நின்றது. ஹர்ட்ஸ் 2023இல் அணியை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோய் 38-35 என்று கான்சஸ் சிட்டியிடம் தோற்றார்.

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. மறுநாள் தைப்பூசம். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதம் போகிற நாள். ரதம் வரும் வழியில் ஒரு தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் சூப்பர் பௌல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீன ஆச்சி என்னவென்று எட்டிப் பார்த்தார். ‘காற்பந்து’ என்றேன். ‘பந்து ஏன் இப்படி நீளமாக இருக்கிறது?’ என்று மலாயில் கேட்டார். ஈகிள்ஸ் 40, கான்சஸ் சிட்டி 22. ஆட்ட நாயகன் ஜேலன் ஹர்ட்ஸ். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. பால் நோட்டின் கடைசிப் பக்கம். ‘டி’யைச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் நான் மாணவர்களுக்கு எழுதுகிற மாதிரியே, ‘மீண்டும் செய்க’.

அன்றைக்கு உடைக்க வைத்திருந்த தேங்காயோடு கூட ஒன்று வாங்கி உடைத்தேன்.

ஒன்று மட்டும் கணக்கு டீச்சராகக் கேட்கிறேன். ஈகிள்ஸின் அந்த 2020 தேர்வுகளுக்கு இப்போது மொத்தமாக ஒரு கிரேட் போடச் சொன்னால் எப்படிப் போடுவது? முதல் சுற்று எஃப், இரண்டாம் சுற்று ஏ. சராசரி எடுத்தால் சி. ஆனால் அந்த ‘ஏ’ இல்லாமல் கோப்பை இல்லை. ரேகரை விட்டுவிட்டு ஜெஃபர்சனை எடுத்து, ஹர்ட்ஸையும் விட்டிருந்தால் நிபுணர்கள் மறுநாளே ஏ போட்டிருப்பார்கள். பிப்ரவரியில் நான் இரண்டாவது தேங்காய் வாங்கியிருக்க மாட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு வயது 14, உயரம் ஆறடி. மலேசியப் பையனை டிராஃப்டில் எடுப்பார்களா?
– ஒரு தந்தை, நிபோங் திபால்

பதில்: ஐயா, ஜோர்டன் மைலாட்டாவைப் பற்றிப் பையனிடம் சொல்லுங்கள். சிட்னிக்காரர், சமோவா வம்சாவளி, ரக்பி ஆடியவர். அமெரிக்கக் காற்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018இல் ஈகிள்ஸ் ஏழாம் சுற்றில் 233ஆவதாக எடுத்தது. இன்று ஹர்ட்ஸின் இடப்பக்கத்தைக் காக்கிற மலை அவர்தான். வெளிநாட்டுப் பையன்களைப் பயிற்றுவிக்க லீக் 2017இல் ஒரு திட்டம் தொடங்கியது, அதன் வழியாக வந்தவர். ஆனால் அவர் உயரம் ஆறடி எட்டு, எடை 150 கிலோவுக்கு மேல். சாப்பாட்டுச் செலவை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நம் மலேசிய லீக்கில் டிராஃப்ட் வைத்தால் பினாங்கும் மேலே வருமே?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஜோகூரின் ஜேடிடி அணி 2014இலிருந்து எல்லா வருஷமும் சூப்பர் லீக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அவர்களைக் கடைசியில் நிறுத்திவிட்டு நாம் முதலில் எடுப்பதை நினைத்தாலே எனக்கும் இனிக்கிறது. ஆனால் நடக்காது. அமெரிக்காவில் பையன்கள் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து மொத்தமாக ஒரே வாசலுக்கு வருகிறார்கள். காற்பந்தில் கிளப்புகளே சின்ன வயதிலிருந்து வளர்க்கின்றன. தாங்கள் வளர்த்த பிள்ளையை வரிசையில் நிற்க வைத்துத் தூக்கிக் கொடுக்க யார் சம்மதிப்பார்கள்? சிட்டி ஸ்டேடியத்தில் மழையில் நனைந்துகொண்டு கத்துவதுதான் நமக்கு விதித்தது.

கேள்வி: டீச்சர், டிராஃப்ட் இல்லாத கேள்வி. பாலிக் புலாவ் பக்கம் சாலையோரக் கடையில் ‘ஏ கிரேட்’ என்று சொல்லி டுரியான் விற்றார். வீட்டில் வந்து பிளந்தால் சுளை தண்ணீராக இருக்கிறது. ஏமாறாமல் வாங்க என்ன வழி?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: மழைக்குப் பிறகு விழுந்த பழம், சுளை தண்ணீர் கோத்திருக்கும். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போங்கள். காம்பைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் புதுசு. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே லேசாக அசைய வேண்டும். அதற்குப் பிறகும் நம்பாதீர்கள். கத்தியால் ஒரு முக்கோணம் வெட்டி உள்ளே காட்டச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள், அடுத்த வளைவில் இன்னொரு கடை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள், நானும் வருகிறேன்.